மல்லாட்டை எண்ணெயும் உன் கிண்டலும்

போளூர்,
பங்குனி 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. நடுவில் மாடு கன்று போட்டது, அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்ததில் பதில் எழுதத் தள்ளிப்போய்விட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சியை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

சரி, நான் செக்கில் ஆட்டி வாங்கும் மல்லாட்டை எண்ணெயை, அதாவது வேர்க்கடலை எண்ணெயை, நீ கிண்டல் செய்ததற்கு வருகிறேன். "பென்ஷன்காரனுக்கு 260 ரூபாய் எண்ணெய் கேட்குதா? அந்தக் காசுக்கு இங்கே சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு பாக்கெட் தூக்கிக்கொண்டு வரலாம். உனக்கு இது நாட்டுப்பற்றா, நாக்குப்பற்றா?" என்று எழுதியிருக்கிறாய். நாக்குப்பற்றுதான், ஒப்புக்கொள்கிறேன். சூடான இட்லி மேல் மிளகாய்ப்பொடி போட்டு, நடுவில் குழி பறித்து மல்லாட்டை எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டவன் நான். ஹாஸ்டலில் என் டப்பாவைத் திருடித் தின்றவன் நீ. உனக்கு விளக்கம் வேண்டுமா?

ஆனால் 260 எப்படி வந்தது என்று கணக்குச் சொல்கிறேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் உடைத்த பருப்பாகப் பத்து கிலோ வாங்கினேன், கிலோ 120. சொத்தையையும் பூசணம் பிடித்ததையும் என் வீட்டுக்காரி உட்கார்ந்து பொறுக்கினாள். ஆட்டுக்கூலி 150. எண்ணெய் நாலேகால் லிட்டர் வந்தது. புண்ணாக்கு ஐந்தரை கிலோ, கடையில் வாங்கினால் 250 ஆகும். அது நம் மாட்டுக்குத்தான். கழித்துப் பார், லிட்டர் 260க்குள் அடங்கும்.

செக்கு இப்போது மோட்டாரில்தான் ஓடுகிறது. உலக்கை மட்டும் அதே வாகை மரம். முதலில் எண்ணெயே வராது. பருப்பு நொறுங்கி மாவாகும். செக்குக்காரர் கைவிரலால் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார், மாவு ஒட்டிக்கொண்டு சுவரோரம் ஏறும். அவர் கம்பியால் குத்தித் தள்ளிக்கொண்டே இருப்பார். அப்புறம் திடீரென்று ஒரு மினுமினுப்பு, அதற்குப் பின் ஒழுக ஆரம்பிக்கும். வாசனையில் தெருவில் போகிறவர்கள்கூட நின்றுவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் துணி கட்டி மூன்று நாள் வெயிலில் வைக்கிறோம். கசடு அடியில் தங்கி, எண்ணெய் தேன் நிறத்தில் தெளிகிறது.

உன் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படித்தாயா? போன மாதம் மகன் வீட்டுக்குப் போனபோது நான் படித்தேன். முன்னால் கொத்துக் கொத்தாகக் கடலைப் படம். பின்னால் பொடி எழுத்தில் 'கலப்பு எண்ணெய்', பாதிக்கு மேல் பாமாயில். கலப்பது சட்டப்படி சரிதான். படம்தான் உறுத்தியது. இன்னொரு பாக்கெட்டில் விலை குறைவாக இருக்கிறதே என்று பார்த்தால் 850 கிராம்தான். ஒரு லிட்டர் என்றால் 910 கிராம் வரவேண்டும்.

பாமாயில் மலிவாக இருப்பதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. ஒரு ஏக்கர் எண்ணெய்ப்பனை கொடுக்கிற எண்ணெயை எடுக்க நமக்கு நாலைந்து ஏக்கர் மல்லாட்டை வேண்டும். அதோடு நம் ஆள் கூலி, காட்டுப்பன்றி, பூப்பூக்கும் நேரத்தில் ஏமாற்றும் மழை. எனக்கு எரிச்சல் வரி விஷயத்தில்தான். 1986இல் எண்ணெய்வித்துக்கு என்று ஒரு தேசிய இயக்கம் தொடங்கி, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஏறக்குறைய நம் எண்ணெய் நமக்குப் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தோம். 1994இல் பாமோலின், அதாவது சுத்திகரித்த பாமாயில், இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அப்போது 65 சதவீத வரி, 1998இல் 15. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஆயில் மில் இப்போது கல்யாண மண்டபம், உனக்கே தெரியும். இப்போதும் அதே ஊஞ்சல்தான். 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது, 2025 மே கடைசியில் 16.5க்கு இறங்கியது. விதை போடும்போது ஒரு விலை, பிடுங்கும்போது வேறு விலை என்றால் யார் போடுவார்கள்? 2022இல் இந்தோனேசியா மூன்று வாரம் ஏற்றுமதியை நிறுத்தியபோது பாக்கெட் விலை ஏறிவிட்டது என்று போனில் புலம்பியவனும் நீதான்.

அதற்காக எல்லாரும் செக்கு எண்ணெய் வாங்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பருப்பு கொடுத்த அந்த மனிதர் வீட்டில் போன வாரம் சாப்பிட்டேன். திண்ணை முழுக்க மல்லாட்டை மூட்டை, கமிட்டிக்கு, அதாவது ஏலம் விடும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, போக வேண்டியது. அடுப்படியில் ரேஷன் கடைப் பாமாயில், லிட்டர் 25 ரூபாய். நான் பார்த்ததை அந்த அம்மா கவனித்துவிட்டார். "அண்ணே, அதை வித்தாத்தான் கமிட்டிக் காசு, ஆட்டிக்கினா கடன் எப்படிக் கட்றது?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டிலும் தீபாவளி முறுக்குக்குப் பாக்கெட்தான் உடைக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. உள்ளூர்ச் சரக்கு என்று நான் பீற்றிக்கொள்கிறேனே, மல்லாட்டை என்ற பேரே மணிலாக்கொட்டையிலிருந்து வந்தது. தென்னமெரிக்காவில் பிறந்து கப்பலேறி வந்த பயிர். நீ கண்டுபிடித்துச் சிரிக்கும் முன் நானே எழுதிவிட்டேன்.

சின்னவன் வெள்ளிக்கிழமை தாம்பரம் வருகிறான். அவனிடம் இரண்டு லிட்டர் கொடுத்தனுப்புகிறேன். அடியில் கொஞ்சம் கசடு இருக்கும், ஆட்டாமல் ஊற்றச் சொல். கேனைக் கழுவி அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடு, இங்கே நல்ல கேன் கிடைப்பதில்லை.

அன்புடன்,
முருகேசன்