காரைக்குடியிலிருந்து சின்ச்சு வரை: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

தைவானில் சின்ச்சு நகரத்தில் உள்ள தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில், வேதிப் பொறியியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டேன். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கின. லித்தியம் மின்கலம் (பேட்டரி)தான் என் ஆராய்ச்சி. "போய்ச் சேர்ந்தியா, சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டவர்களுக்கு அவசரத்தில் ஒரு வரிதான் பதில் போட முடிந்தது. யார் யார் எனக்கு என்ன செய்தீர்கள் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். சிலர் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி அம்மாவின் மகளிர் குழுவுக்கு. இங்கே மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஆனால் வந்து சேர்ந்து, வங்கிக் கணக்கு தொடங்கி, அப்புறம்தான் அது கைக்கு வரும். அதுவரைக்கும் விமான டிக்கெட், விசா, விடுதிப் பணம் எல்லாம் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடனை அந்த மாதம் வாங்கும் முறை வேறொரு அக்காவுடையது. வீட்டுக்குத் தளம் போட அவர் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். "தளம் அடுத்த வருஷமும் போடலாம், பிள்ளைக்கு இந்த இடம் அடுத்த வருஷம் கிடைக்குமா?" என்று கேட்டு அவரே விட்டுக்கொடுத்தார். தீர்மான நோட்டு ஒவ்வொருவர் கையாகப் போனது. குழுவில் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அப்பத்தா ஒருவர், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி முடித்தார். அது வரை யாரும் பேசவில்லை. நான் என்ன படிக்கப் போகிறேன் என்று அந்த அப்பத்தா கேட்கவே இல்லை. "பத்திரமா போயிட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

பணத்தைவிடப் பெரிய மலை சான்றிதழ் வேலை. இந்தியாவுக்கும் தைவானுக்கும் முறையான தூதரக உறவு கிடையாது. தூதரக வேலைகளைச் சென்னையில் உள்ள தைப்பே பொருளாதார பண்பாட்டு மையம்தான் பார்க்கிறது. நம் பட்டச் சான்றிதழ் அங்கே செல்லுபடியாக வேண்டுமானால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று, அடுத்து மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சென்னைக் கிளை, கடைசியாகத் தைப்பே மையம். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாது. இதைக்கூடச் சொல்லாமல், எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒரு முகவர் கேட்ட தொகையில் அப்பா திகைத்துப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் சின்ச்சுவில் படித்துக்கொண்டிருந்த, முன்பின் பார்த்திராத அண்ணன் ஒருவர் இரவு நெடுநேரம் அழைப்பில் இருந்து ஒவ்வொரு தாளையும் பார்த்தார். "அப்போஸ்டில் வாங்கிடாதம்மா, தைவான் ஹேக் உடன்படிக்கையில இல்ல, அது இங்க செல்லாது. சாதாரண அட்டெஸ்டேஷன்தான் வேணும்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு ஒரு மாதத்தை மிச்சப்படுத்தியது. (அப்போஸ்டில் என்பது அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் சான்று முத்திரை.) சென்னைக் கோட்டையில், தலைமைச் செயலகத்தில், எந்த மனுவோடு எந்த நகலை இணைக்க வேண்டும் என்று தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்த அம்மா, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் எழுந்து வந்து சொன்னீர்கள். ஊரில் நெட் சென்டர் அண்ணன் எத்தனையோ பக்கங்களை ஸ்கேன் செய்து, கோப்பின் அளவைக் குறைத்து, பெயர் மாற்றி அடுக்கிக் கொடுத்துவிட்டு, "போய் முதல் சம்பளம் வாங்கினதும் குடு" என்றார். கொடுக்கிறேன் அண்ணே, கணக்கு வைத்திருக்கிறேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரை மதிப்பெண் தடுக்கவில்லை. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று சொல்ல ஆள் இல்லாததுதான் தடுக்கிறது. எனக்குச் சொல்ல ஆள் இருந்தார்கள்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் எனக்குப் பாடம் எடுத்த ஐயாவுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடல் நிறைவடையாது. தைவான் பேராசிரியர்களுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று அவர்தான் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் என் நோக்க அறிக்கையைப் படித்துவிட்டு, "எல்லாம் நல்லா வந்தமாதிரி எழுதியிருக்க. எந்தச் சோதனை சரியா வரல, அப்புறம் என்ன செஞ்ச, அதையும் எழுது" என்றார். நேர்காணலில் இங்கே தைவானில் உள்ள என் பேராசிரியர் அதிகமாகக் கேட்டது அந்தப் பத்தியைப் பற்றித்தான்.

அதற்கும் முன்னால் போனால், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பார்வையாளர் நாளன்று ஓர் இரும்புச் சாவியில் செம்பு பூசிக் காட்டிய விஞ்ஞானி. பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்தில் நானும் ஒருத்தி. நீலக் கரைசலுக்குள் போன சாவி சிவந்து வெளியே வந்ததும், ஏன் என்று நான் கேட்டேன். கூட்டம் நகர்ந்த பிறகும் எனக்காக நின்று, காகிதத்தில் வரைந்து விளக்கினீர்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அந்த நிலையம் எங்கள் ஊருக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அது வேறு ஊருக்குப் போயிருந்தால் நான் மின்வேதியியல் என்ற சொல்லையே எப்போது கேட்டிருப்பேனோ தெரியாது.

இனி சின்ச்சு. தாவோயுவான் விமான நிலையத்திலிருந்து வந்து அதிவேக ரயிலில் இறங்கினால், அந்த நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. இரண்டு பெட்டிகளோடு நின்ற என்னை அழைத்துப் போக வந்த அக்காவுக்கும் அண்ணனுக்கும் அன்றைக்கு ஆய்வகத்தில் வேலை இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பணம் ஏற்றிய பயண அட்டை, ஒரு போர்வை, ஒரு டாடுங் மின்குக்கர் எல்லாம் விடுதி வாசலில் தயாராக இருந்தன. அந்தக் குக்கர், படிப்பு முடித்துப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது. வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே ஆவியில் வேகும். இட்லிகூட அவிக்கலாம் என்று அக்கா முதல் வாரமே செய்து காட்டினார். அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் இந்த ஊரில் குடை நிற்காது, மழைக்கோட்டுதான் வேண்டும் என்று கையோடு கடைக்குக் கூட்டிப்போய் வாங்க வைத்தவரும் அவர்தான்.

என் ஆய்வகத்தில் உள்ள தைவான் தோழிக்கு இந்த மடலை மொழிபெயர்த்துச் சொல்லப்போகிறேன். எனக்கு மாண்டரின் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். நாணய மின்கலம், அதாவது காசு வடிவத்தில் இருக்கும் சின்ன பேட்டரி, கட்டுவதை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஆர்கான் வாயு நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், முழங்கை தாண்டும் ரப்பர் கையுறைகளில் கைவிட்டுத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஈரமோ ஆக்சிஜனோ பட்டால் லித்தியம் கெட்டுவிடும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூடிக்குள் லித்தியத் தகடு, அதன்மேல் மெல்லிய பிரிப்புத்தாள், சில சொட்டு மின்பகுளி, பிறகு நாம் செய்த மின்வாய், வட்டத் தகடு, ஸ்பிரிங், மேல்மூடி. கடைசியில் அழுத்தி மூடுவது. தடித்த கையுறைக்குள் என் விரல் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் பக்கத்துக் கையுறைக்குள் கையை விட்டு, என் இடுக்கி பிடித்த கையை மெல்லத் திருப்பி, பிரிப்புத்தாள் மூடிக்குச் சரியாக நடுவில் வரும்வரை கூடவே இருந்தார். அந்த மின்கலம் வேலை செய்தது. சோதனைக் கருவியின் திரையில் கோடு ஏறியபோது என்னைவிட அவர்தான் சத்தமாகக் கைதட்டினார்.

1986-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற யுவான் லீ பிறந்தது இந்த ஊரில்தான். முதுகலை படித்தது இதே பல்கலைக்கழகத்தில். அப்பாவிடம் சொன்னேன், அவர் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். அப்பா, அம்மா, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். இந்தியாவைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், நான் தூங்கப் போவதற்கு முன்பே, வேலையைப் போட்டுவிட்டு அழைக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும்.

சான்றிதழ் வரிசை, கட்டண விவரம், மனு மாதிரி எல்லாவற்றையும் தமிழில் எழுதி நெட் சென்டர் அண்ணனிடம் அனுப்பியிருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் நகல் கொடுப்பார். சந்தேகம் இருந்தால் எந்த நேரத்திலும் என்னை அழையுங்கள், தயங்க வேண்டாம்.

குழு அக்காக்களே, உதவித்தொகை வந்துவிட்டது. முதல் தவணையை அம்மா கணக்குக்கு அனுப்பிவிட்டேன். இனி ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் முன்பே வந்துவிடும். முறையை விட்டுக்கொடுத்த அக்காவுக்கு அடுத்த உள்கடனை முதலில் கொடுங்கள். தளம் போடும் நாளை எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
சின்ச்சுவிலிருந்து உங்கள் பிள்ளை