மௌஸ் யார் கையில்? ஆசிரியர் பயிற்சியை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் எதைச் சொல்லித்தருவது, எத்தனை நாள் தருவது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். வட்டார வள மையங்களில் அதைக் கொண்டுசேர்க்கிற கருத்தாளர்கள் நாங்கள். பயிற்சியின் வடிவத்தை மாற்றித்தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே பயம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பேரப்பிள்ளையின் படத்தை வாட்ஸப்பில் அனுப்புகிற, காய்கறிக்காரருக்கு போனிலேயே பணம் போடுகிற ஐம்பத்தைந்து வயது ஆசிரியைக்குக் கருவி மேல் பயம் இல்லை. அவருடைய பயம் இரண்டே. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று நின்றுவிடுமோ என்பது ஒன்று. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் தன் கையில் பழுதானால் யார் பதில் சொல்வது என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் தொடாத பயிற்சியை எத்தனை நாள் கொடுத்தாலும் லேப்டாப் பீரோவுக்குள்தான் இருக்கும்.

இப்போதைய பயிற்சி மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று மூன்று படி இறங்கி வருகிறது. கடைசிப் படியில் ஒரு கூடம், ஒரு ப்ரொஜெக்டர், எழுபது எண்பது ஆசிரியர்கள். மேலே இருந்து வந்த பிபிடியை (திரைக்கான படவில்லைத் தொகுப்பை) கருத்தாளர் ஓட்டுகிறார், மற்றவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். சைக்கிள் ஓட்டுவதைக் குறிப்பெடுத்துப் படித்தது போல ஆகிவிடுகிறது. பின்வரிசையில் இருந்தவர் ஒரு பொத்தானைக்கூடத் தொடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

எங்கள் முன்மொழிவு எளியது. பயிற்சி இரண்டு நாள். ஒரு அணிக்கு இருபது பேர், பத்து லேப்டாப், ஒரு லேப்டாப்புக்கு இருவர். அந்த இருவரில் குறைவாகத் தெரிந்தவர் கையில்தான் மௌஸ் இருக்க வேண்டும். தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்லலாம். கருத்தாளருக்கும் இதே விதி. "கொடுங்க டீச்சர், நான் செஞ்சு காட்டுறேன்" என்று மௌஸை வாங்கும் அந்த ஒரு நொடியில் அவர் மறுபடியும் பார்வையாளராகிவிடுகிறார். கருத்தாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும். அரை நிமிட வேலைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்கித்தாருங்கள்.

முதல் நாளில் இணையம் வேண்டாம். இருபது பேர் ஒரே நேரத்தில் ஒரே இணைப்பில் காணொளியை இறக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி நாள் அதிலேயே போய்விடும். அடுத்த வாரம் தான் நடத்தப்போகிற பாடத்தை ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். அதற்கான காணொளியைப் பாடநூலின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, அரசின் பாடச் செயலியான திக்ஷாவில் முன்கூட்டியே இறக்கிவைத்திருந்தால் போதும், செயலிக்குள் நெட் இல்லாமலே ஓடும். பல ஆசிரியர்களின் போனில் செயலி ஏறாமல் போவதற்கு, நினைவகம் வாட்ஸப் காலை வணக்கப் படங்களால் நிரம்பியிருப்பதே காரணம். அவற்றை அழிக்கச் சொல்லித்தருவதையே முதல் பாடமாக வையுங்கள்.

இனி வருவதுதான் எங்கள் கோரிக்கையின் உயிர்ப்பகுதி. பிற்பகல் முழுக்கப் பழுதுக்கு ஒதுக்குங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது கருத்தாளர் வேண்டுமென்றே எதையாவது கெடுத்துவிட்டு விலகட்டும். லேப்டாப்பை ப்ரொஜெக்டரோடு இணைக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிளை அரை அங்குலம் வெளியே இழுத்துவிடலாம். அப்போது ஆசிரியர் பார்க்க வேண்டிய வரிசை இது: கேபிளின் இரு முனையும் இறுக்கமாக இருக்கிறதா, ப்ரொஜெக்டர் ரிமோட்டில் 'சோர்ஸ்' சரியான துளையைக் காட்டுகிறதா, லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தாயிற்றா. 'நோ சிக்னல்' பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் தீர்ந்துவிடும். படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால், ஒலி அதே கேபிள் வழியே ப்ரொஜெக்டருக்குப் போய்விட்டது என்று பொருள். திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு, வெளியே வைத்திருக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தால் சத்தம் வந்துவிடும்.

பாதிப் பாடத்தில் ப்ரொஜெக்டர் தானாக அணைந்தால் சூடேறியிருக்கிறது. சாக்பீஸ் தூள் காற்று வடிகட்டியை அடைத்துவிடுவதால் வருவது இது. மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றி மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். பல்பு வைத்த ப்ரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்து, மின்விசிறி நின்ற பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். மணி அடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினால் பல்பின் ஆயுள் குறையும்.

இந்தப் பழுதுகளைத் தன் கையால் ஒருமுறை சரிசெய்தவருக்கு நீலத் திரை வெறும் நீலத் திரைதான்.

தமிழ்த் தட்டச்சுக்கு அரை நாளாவது தேவை. இப்போது அது அட்டவணையில் ஒரு வரியாக மட்டும் இருக்கிறது. பழைய வினாத்தாளை இன்னொரு கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கிலமாகக் கிடக்கும். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்தவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடுகிறது. எழுத்துரு மாற்றியில் இட்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது முறையான யூனிகோடாக மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆசிரியரின் பென்டிரைவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

புதிதாகக் கற்பவருக்குத் தமிழ்99 விசைப்பலகையே நல்லது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த இதில் 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடும். 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. புள்ளி தானே விழும். 'பந்து' எழுத ப, ந, த, உ. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்களை மட்டும் இதற்கு இழுக்க வேண்டாம். அவர்களுக்குப் பழகிய தட்டச்சு முறையையே யூனிகோடில் தரும் என்ஹெச்எம் ரைட்டர் என்ற மென்பொருளை நிறுவித்தாருங்கள். விரலில் ஏறியதை ஏன் அழிக்க வேண்டும்?

முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் இடையில் மூன்று வாரம் விடுங்கள். அந்த இடைவெளியில் கருத்தாளர் ஒருமுறை பள்ளிக்கே போக வேண்டும், ஏனென்றால் வகுப்பறையில் வேறு சிக்கல்கள் காத்திருக்கும். சன்னல் வெயில் நேராகத் திரையில் விழும். பிளக் பாயிண்ட் எதிர்ச்சுவரில் இருக்கும். எழுத்து கடைசி வரிசைக்கு எட்டாது. திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் கடைசிப் பிள்ளை உட்கார வேண்டும். நான்கடித் திரை என்றால் இருபத்துநான்கு அடி. காணொளியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதையும் ஸ்பேஸ் பாரைத் தட்டி மூன்று இடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டும். அவரைக்கொட்டை முளைக்கும் காட்சியில் வேர் எட்டிப்பார்க்கும் இடத்தில் நிறுத்திப்பாருங்கள். வேர் மேலே போகுமா கீழே போகுமா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடும். நிலவின் கலைகளுக்கும் இதயத்தில் இரத்தம் ஓடுவதற்கும் திரை வேண்டும். பின்னத்துக்கு வேண்டாம், ஒரு தாளை மடித்தால் போதும். இன்றைய பாடத்துக்கு ப்ரொஜெக்டர் தேவையில்லை என்று தானே முடிவெடுக்கிற ஆசிரியரைத்தான் நாங்கள் தேறியவராகக் கொள்கிறோம். படம் போட்டதற்குப் புகைப்படச் சான்று கேட்பதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். அது தேவையில்லாத இடத்திலும் திரையை இறக்க வைக்கிறது.

பயிற்சியால் மட்டும் தீராதவையும் உண்டு. பல ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் முதலில் அறிமுகமானதே பதிவேற்ற வேலையாகத்தான். வருகைப் பதிவு, விவரப் பட்டியல், "இன்று மாலைக்குள்" என்ற குறுஞ்செய்தி. ஓடிபி போய்ச் சேரும் எண் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையதாக இருந்தால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. பணி மாறும்போதும் ஓய்வுபெறும்போதும் ஒப்படைப்புப் பட்டியலில் கைபேசி எண் மாற்றத்தையும் ஒரு வரியாகச் சேருங்கள். பதிவேற்றப் பயிற்சியையும் வகுப்பறைப் பயிற்சியையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். கலந்தால் அவசரமான பதிவேற்றமே நாள் முழுவதையும் தின்றுவிடும்.

பீரோவில் பூட்டிய லேப்டாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சார்ஜ் இறங்கிக் கிடந்தால் பேட்டரி மீளாது. மாதம் ஒருமுறை எடுத்துப் பாதியளவு சார்ஜ் ஏற்றி வைத்தால் தாங்கும். ஆனால் தலைமையாசிரியர் பூட்டுவது சோம்பலால் அல்ல, தணிக்கைக்கு அஞ்சி. வகுப்பறைப் பயன்பாட்டில் இயல்பாக வரும் பழுதுக்கு ஆசிரியரிடம் பணம் பிடிக்கப்படாது என்று எழுத்தில் ஓர் ஆணை கொடுங்கள். பழுதைப் பதிய ஒரு நோட்டு, பழுதுபார்க்க ஒரு பொறுப்பாளர், அவர் எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்ற வரையறை, இவையும் அதே ஆணையில் இருக்கட்டும்.

அடுத்த பயிற்சிக்கு எல்லா வட்டாரத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு வட்டாரம் தாருங்கள். இருபது பேர், பத்து லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர், இரண்டு நாள், இடையில் ஒரு பள்ளிப் பார்வை. மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி ஏதாவது ஒரு வகுப்புக்கு நீங்களே வந்து கேபிளைப் பிடுங்கிப்பாருங்கள்.

இப்படிக்கு,
வட்டார வள மையக் கருத்தாளர்கள் சிலர்