கிளையை மூடுமுன் கடன் ஏட்டையும் புரட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிக் கிளைகளுக்கு இனி வேலையில்லை என்று வாதிடும் கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். பணம் போட, எடுக்க, அனுப்பக் கைப்பேசியே போதும் என்கிறார் கட்டுரையாளர். அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் மக்களின் சேமிப்பைத் திரட்டிக் கடன் கொடுப்பதுதான் வங்கியின் தொழில், அந்தச் சேமிப்பு இப்போது இணையத்திலேயே வந்துவிடுகிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கடன் பிரிவில் கழித்தவள் நான். அந்த ஒரு வரியோடுதான் எனக்கு வழக்கு.

கடன் பட்டுவாடா ஆகிற நேரத்தில் கிளைக்குள் என்ன நடக்கிறது? பத்திரங்களில் கையெழுத்து முடிந்ததும் திரையில் இரண்டு பதிவுகள் போடுவேன். கடன் கணக்கில் பற்று, அதே ஆளின் நடப்புக் கணக்கில் அதே தொகை வரவு. மேலதிகாரி சரிபார்த்து ஒப்புதல் தருவார். அவ்வளவுதான். காசாளர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பெட்டக அறைக் கதவு திறக்காது. வேறெந்த வாடிக்கையாளர் கணக்கிலும் ஒரு காசு குறையாது. "இது யாரோட பணம் மேடம்?" என்று ஒருவர் கேட்டார். "உங்க பணம்தான், இப்போ நீங்க போட்ட கையெழுத்துல வந்தது" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் சொன்னது நிஜம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார் பொருளாதாரப் பேராசிரியர் ரிச்சர்ட் வெர்னர். 2013 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் பவேரியாவில் வில்டன்பர்க் என்ற சிற்றூரின் கூட்டுறவு வங்கியில் 2 லட்சம் யூரோ கடன் வாங்கினார். வங்கியின் உள்கணக்குகளைத் திறந்துவைத்து, அந்தத் தொகை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தேடினார்கள். எங்கிருந்தும் எடுக்கப்படவில்லை. மறு ஆண்டு இங்கிலாந்து மத்திய வங்கியும் தன் காலாண்டு இதழில் இதையே பச்சையாக எழுதியது: வங்கி கடன் கொடுக்கும் அந்தக் கணத்திலேயே டெபாசிட் உண்டாகிறது, அந்நாட்டில் புழங்கும் பணத்தில் 97 சதவீதம் இப்படிப்பட்ட வங்கி டெபாசிட்தான், நோட்டும் நாணயமும் வெறும் 3 சதவீதம். கடனைத் திருப்பிக் கட்டும்போது அசல் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை என்பது இன்னும் பலருக்கு நம்பக் கடினம். இரண்டு பதிவுகளும் நேர்மாறாக விழ, அந்தப் பணம் இல்லாமலே போகிறது. வட்டி மட்டும் வங்கியின் வருமானம். எங்கள் சம்பளம் அதிலிருந்துதான்.

அப்படியானால் டெபாசிட் திரட்ட வங்கிகள் ஏன் அந்தப் பாடு படுகின்றன? ஆண்டுக் கணக்கு முடியும் வாரங்களில், டெபாசிட் இலக்கை எட்டியாயிற்றா என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும். கிளை மேலாளர் முகத்தில் ஈயாடாது. கடன் எழுதினாலே டெபாசிட் பிறந்துவிடும் என்றால் அந்த இலக்கெல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

பிறந்த பணம் வீட்டில் தங்காது என்பதுதான் விஷயம். கடன் வாங்கியவர் கணக்கில் வைத்து அழகு பார்க்கவா வாங்கினார்? இயந்திரம் விற்றவருக்குக் கொடுப்பார். விற்றவர் கணக்கு வேறு வங்கியில். இரண்டு வங்கிகளும் கணக்குத் தீர்க்கும்போது, தன் ஏட்டில் எழுதிய எண்ணைக் காட்டி எங்கள் வங்கி தப்ப முடியாது. மத்திய வங்கியில் தனக்கு உள்ள இருப்பிலிருந்து கொடுத்தாக வேண்டும். பிற வங்கிகள் எழுதிய பணம் அதேபோல் எங்கள் பக்கம் வந்தால் சரிக்குச் சரி ஆகிவிடும். வராவிட்டால் இருப்பைக் கடனாக வாங்க வேண்டும், அதற்கும் வட்டி உண்டு. அதனால்தான் விவரமான மேலாளர் கடன் கோப்பைப் பார்த்ததும், "பணம் யாருக்குப் போகுது? அவருக்கு நம்மகிட்ட கணக்கு இருக்கா?" என்று கேட்பார். கடன் வாங்கியவர், அவருக்குச் சரக்கு விற்றவர், அவரிடம் கூலி வாங்குகிறவர் மூவருக்கும் ஒரே கிளையில் கணக்கு இருந்துவிட்டால், கடனாகப் பிறந்த பணம் அந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டாது. கிளை திறப்பதன் பொருளாதாரத்தில் பாதி இதுதான். வங்கி வைத்திருக்க வேண்டிய சொந்த மூலதனம், வாராக்கடன், மத்திய வங்கி வட்டி என்று மூக்கணாங்கயிறு வேறு உண்டு. இஷ்டத்துக்கு எழுதித் தள்ள முடியாது.

இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கி கிளை டெபாசிட்டை நம்பாமல், தேவையான பணத்தின் பெரும்பகுதியை நிதிச் சந்தையில் கடனாக வாங்கி வீட்டுக் கடன்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. 2007 ஆகஸ்ட்டில் அந்தச் சந்தை உறைந்தது. செப்டம்பரில் பணத்தை எடுக்க வாசலில் வரிசை நின்றது. 2008 பிப்ரவரியில் அரசுடைமை. இணையத்தில் வரும் சேமிப்புக்கு வேறொரு குணம் உண்டு, வந்த வேகத்திலேயே போகும். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க உத்தரவுகள் குவிந்தன. மறுநாள் வங்கி மூடப்பட்டது. அங்கே பெருந்தொகை வைத்திருந்தவர்கள் ஒரே தொழில் வட்டத்து ஆட்கள் என்பதால், பழி முழுவதையும் கைப்பேசி மேல் போட மாட்டேன்.

கிளையின் மறுபாதி வேலை, யாருக்கு எழுதுவது என்ற முடிவு. கடன் கொடுப்பது பணத்தைப் படைப்பது என்றால், யாருக்காக அதைப் படைக்கலாம் என்று சொல்லும் ஆள் முக்கியம் அல்லவா? அயர்லாந்தில் 1970 மே முதல் நவம்பர் வரை, ஊழியர் தகராறில் முக்கிய வங்கிகள் மூடிக்கிடந்தன. மக்கள் காசோலை எழுதியே வாழ்ந்தார்கள், அவை கைமாறி ஓடின, பொருளாதாரம் முடங்கவில்லை. யாருடைய காசோலை தேறும், யாருடையது தேறாது என்று சொன்னவர்கள் மதுக்கடைக்காரர்களும் மளிகைக்காரர்களும். தினமும் முகம் பார்த்துப் பழகியவர்கள். கடன் மேசையில் நாங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான், கூடவே ஆவணங்கள். கணினி போடும் கடன் மதிப்பெண் சம்பளக்காரரை நன்றாகவே எடை போடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ரசீதில்லாமல் வியாபாரம் செய்கிறவரை, புதிதாய்த் தொழில் தொடங்குகிறவரை அதற்குத் தெரியாது. பட்டறைக்கு நேரில் போய், எத்தனை இயந்திரம் ஓடுகிறது, தரையில் எண்ணெய்க் கறை புதிதா பழையதா என்று பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கிளை மூடும் செய்திகளில், கவுண்ட்டருக்கு வருவோர் குறைந்துவிட்டார்கள் என்ற வங்கியின் விளக்கம் தவறாமல் வருகிறது. அடுத்த முறை உங்கள் செய்தியாளர், அந்தக் கிளை கடைசி ஆண்டில் எத்தனை கடன்களை எழுதியது, எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியது, இனி அந்த முடிவு எந்த அலுவலகத்தில் எடுக்கப்படும் என்றும் கேட்கட்டும். வங்கிகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் கடன் அதிகாரி