டிராக்டர் பெரியவருக்கு

போன அக்டோபரில், இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம், தோர்ப் அபட்ஸ் கிராமத்துக்குப் போகும் குறுகலான சாலை. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் என் காரின் இடது சக்கரங்கள் சேற்றில் இறங்கிவிட்டன. போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில் அப்பா. தப்பு என்னுடையதுதான்.

சர்க்கரை பீட்ரூட் ஏற்றிப் போன நீங்கள் டிராக்டரை நிறுத்தினீர்கள். எதுவும் கேட்கவில்லை. அந்த ஈரத்தில் படுத்து கயிற்றை மாட்டி, இரண்டே இழுப்பில் மேலே ஏற்றினீர்கள். நம்பர் பிளேட்டில் இருந்த சேற்றைக் கூட சட்டைக் கையால் துடைத்துவிட்டீர்கள்!

இரண்டாம் உலகப் போர்க்கால விமானதளம் எங்கே என்று அப்பா கேட்டார். சிரித்தபடி காலுக்குக் கீழே காட்டினீர்கள். 1943இல் அமெரிக்கரின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் உருண்ட கான்கிரீட், இப்போது வயல்பாதை. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரைத் தாக்கப் போன 100ஆவது படைப்பிரிவின் 13 விமானங்களில் ஒன்றுதான் இங்கே திரும்பியது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. நீங்களும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் அருங்காட்சியகமாகிவிட்ட கட்டுப்பாட்டுக் கோபுரம் வரை டிராக்டரில் முன்னால் போய் வழி காட்டினீர்கள்.

ஐயா, பெயர் கேட்க மறந்துவிட்டேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பக்கம் இருக்கும் யாராவது இதைப் படித்துச் சொல்லுங்கள். உங்கள் கயிற்றுக் கொக்கி எங்களிடமே தங்கிவிட்டது. எங்கே அனுப்ப?