அவிஞ்ஞோன் போகும் வழி

அன்புள்ள மகளுக்கு,

லண்டனிலிருந்து பிரான்சின் தெற்கே இருக்கும் அவிஞ்ஞோனுக்கு எப்படிப் போவது என்று நேற்று போனில் நீ அவசரத்தில் கேட்டாய், நானும் அரைகுறையாகச் சொன்னேன். அதனால் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. பரிஸ் நகரில் கார் வாடகைக்கு எடுத்து ஓடுவோம் என்று நிற்கிறாராம். வேண்டாம் என்று சொல். ரோட்டால் போனால் கிட்டத்தட்ட 700 கிலோமீற்றர். தேஜேவே என்ற அதிவேக ரயில் 2 மணி 40 நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மதிலுக்குள் இருக்கும் அந்தப் பழைய ஊரில் கார் ஒரு தொல்லைதான். தெருக்கள் ஒடுக்கம், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

லண்டனிலிருந்து நேரே போகும் ரயில் இல்லையா என்று கேட்டாய். இருந்தது. 2015இல் யூரோஸ்டார் லியோன், அவிஞ்ஞோன், மார்செய் என்று ஓடத் தொடங்கியது. போகும்போது சுகம். திரும்பும்போது எல்லாரும் லீல் என்ற ஊரில் பெட்டி படுக்கையோடு இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, சோதனை முடித்துத் திரும்ப ஏற வேண்டும். கொரோனாவோடு அது நின்றுபோனது. எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. நேர் ரயில் இருந்தால் நீ எங்கே பரிசில் இறங்கப் போகிறாய்!

ஆகவே பரிசில் லண்டன் ரயில் வந்து நிற்கும் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, தெற்கே போகும் ரயில் புறப்படும் கார் து லியோன் ஸ்டேஷனுக்கு மாற வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. முதல் ரயில் கொஞ்சம் பிந்தினாலும் அடுத்த ரிக்கெற் காசு போய்விடும். மூன்று நாலு மணி நேரம் விட்டு எடு. நம்மவர் கடைகள் இருக்கும் லாச்சப்பல் நடை தூரம்தான், நானும் அப்பாவும் அங்கே வந்து நிற்போம். சாப்பிட்டுவிட்டு ரயிலுக்கும் கட்டிக்கொண்டு போகலாம். இங்கே பரிசில் மணி லண்டனைவிட ஒன்று கூட. ரிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்.

கார் து நோரிலிருந்து ஆர்.ஈ.ஆர் டி என்ற நகர ரயில். இடையில் ஷத்தலே என்ற நிறுத்தம் மட்டும்தான், அடுத்தது கார் து லியோன். அதற்கு நாவிகோ ஈஸி என்ற பயணக் கார்ட் ஆளுக்கொன்று வேண்டும், ஒன்றை வைத்து இரண்டு பேர் உள்ளே போக முடியாது. வீட்டில் இரண்டு சும்மா கிடக்கின்றன, காசு போட்டுக் கொண்டுவருகிறேன்.

கார் து லியோனில்தான் ஆட்கள் தடுமாறுவது. அங்கே முக்கியமாக இரண்டு மண்டபம். ஒன்றில் பாதைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து; மற்றதில் 5 முதல் 23 வரை இலக்கம். உன் ரயில் எதில் என்பது புறப்பட 20 நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் விழும். அதுவரை சனம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், விழுந்தவுடன் ஒரே ஓட்டம். நீ ஓடத் தேவையில்லை, ஆனால் 2 நிமிடம் முன்பே கதவடைத்துவிடுவார்கள் என்பதை மறக்காதே. காத்திருக்கும் நேரத்தில் முதல் மண்டபத்துச் சுவரோவியத்தைப் பார். பரிசிலிருந்து மாந்தோன் வரை அந்தப் பாதை தொடும் ஊர்களை நீளத்துக்குத் தீட்டி வைத்திருக்கிறார்கள். மலிவென்று விகோ என்ற மலிவு விலைத் தேஜேவேயை எடுத்தால் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியும் ஒரு கைப்பையும்தான். பெரிய பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். உன்னுடைய பெட்டியை எனக்குத் தெரியும்!

இனித்தான் முக்கியமான விஷயம். தேஜேவே நிற்கும் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை. 2001இல் புதுப் பாதையோடு ஊருக்கு வெளியே கட்டியது. வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, தெற்குப் பக்கம் வெயிலுக்காக மூடின சுவர். அழகான கட்டடம்தான். ஆனால் வெளியே வந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியும், கோட்டையைக் காணவில்லையே என்று பதறி டாக்சி பிடிப்பவர்கள் உண்டு. நீ பிடிக்காதே. அதே ஸ்டேஷனிலிருந்து சின்ன ரயில் ஒன்று அவிஞ்ஞோன் சென்டருக்குப் போகிறது, 5 நிமிடம். ரிக்கெற் எடுக்கும்போதே கடைசி இடம் ‘அவிஞ்ஞோன் தேஜேவே’ என்றில்லாமல் ‘அவிஞ்ஞோன் சென்டர்’ என்று போட்டால் இதுவும் சேர்ந்து வரும். ஊருக்குள் டிராம் ஓடுகிறது, ஆனால் அது தேஜேவே ஸ்டேஷனுக்கு வராது.

சென்டரில் இறங்கி ரோட்டைக் கடந்தால் எதிரே மதில். வாசலுக்குள் நுழைந்து நேரே நட, ஒரு கால் மணி நேரத்தில் மணிக்கூட்டுச் சதுக்கம், அதற்கு அங்கால் பாப்பரசர் மாளிகை. 1309இலிருந்து 1377 வரை பாப்பரசர்கள் ரோமை விட்டுவிட்டு அவிஞ்ஞோனில்தான் இருந்தார்கள். 1348இல் இந்த ஊரை 80,000 புளோரின் பொற்காசுக்கு விலைக்கே வாங்கிவிட்டார்கள் என்றால் பார்! ஆற்றில் உடைந்து நிற்கும் பழைய பாலத்தில் 22 வளைவுகளில் 4தான் மிச்சம். அதன் மேல் ஏறக் காசு கேட்பார்கள். ரோன் ஆற்றைக் கடக்கும் இலவசப் படகில் எதிர்த் தீவுக்குப் போய் நின்று பார், அங்கிருந்துதான் பாலம் முழுதாகத் தெரியும். காற்று பொல்லாதது, மிஸ்த்ரால் என்பார்கள். தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்.

ஜூலையை விட்டுச் செப்டெம்பருக்கு மாற்றியது நல்லது. ஜூலையில் நாடக விழா, அறை விலை கேட்கவே முடியாது.

ரிக்கெற்றை முன்கூட்டியே எடு, பிந்தப் பிந்த விலை ஏறும். எடுத்தவுடன் ரயில் நேரத்தை அனுப்பு. திரும்பி வரும்போது ஒரு இரவு வீட்டில் தங்குவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல், அப்பா இப்போதே ஆட்டிறைச்சிக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
அம்மா