சைபர்னு ரிப்போர்ட் வந்தா நோய் இல்லேன்னு அர்த்தம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்துல ஒரு லேப்ல 19 வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். ரத்தத்துல பாக்குற ஒரு என்சைம் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு, பேரு கைட்டோட்ரையோசிடேஸ், வாயில நுழையாத பேருதான், ஆனா வயிறு வீங்கின குழந்தையை தூக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையிறவங்க ஃபைலை பிரிச்சு பாத்தா பல பேருகிட்ட இந்த டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கும்.

எங்க அக்கா பொண்ணுக்கு அப்போ 4 வயசு. மண்ணீரல் வீங்கி தொப்புள் வரைக்கும் இறங்கிருச்சு, கவுன் பின்னாடி ஊக்கு மாட்ட முடியாது, பிளேட்லெட் கம்மி, கட்டில் கால்ல லேசா இடிச்சாக்கூட நீலமா கன்னிப்போகும். பாத்த டாக்டருக்கு பரம்பரையா வர்ற கோஷேங்கிற அபூர்வ நோயா இருக்குமோன்னு சந்தேகம் வந்து இந்த என்சைமை பாக்க சொன்னாரு, வெளியூர் லேபுக்கு ரத்தம் போச்சு, ரிப்போர்ட் கிட்டத்தட்ட சைபர்னு வந்துச்சு. பக்கத்துல 'ஏறலை, நார்மல்'னு போட்டிருந்தாங்க. வீட்ல எல்லாருக்கும் உசுரே வந்த மாதிரி இருந்துச்சு. நானும்தான் சந்தோஷப்பட்டேன். அதுக்கப்புறம் 11 மாசம் டானிக், இரும்பு சத்து மாத்திரைன்னே ஓடிப்போச்சு.

கடைசில வேற ஒரு டாக்டர் எலும்பு மஜ்ஜை எடுத்து பாத்தாரு. அந்த ஸ்லைடை நானும் மைக்ராஸ்கோப்ல பாத்தேன், பெருசு பெருசா செல்லு, உள்ள பூரா கசக்கி பிரிச்ச டிஷ்யூ பேப்பர் மாதிரி சுருக்கம் சுருக்கமா. புஸ்தகத்துல போட்டிருக்குற படம் அப்படியே. கோஷே நோயேதான்.

அப்போ அந்த சைபர் எப்படி வந்துச்சு? இதைத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.

மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு, உடம்புல குப்பை அள்ளுறது அதோட வேலை. கோஷே நோய்ல குளுக்கோசெரிப்ரோசிடேஸ்ங்கிற என்சைம் சரியா வேலை செய்யாது, அதனால சர்க்கரை ஒட்டின ஒரு கொழுப்பு உடையாம அந்த மேக்ரோஃபேஜுக்குள்ளயே தேங்கி அது ஊதிப்போகும், ஊதின செல்லு கைட்டோட்ரையோசிடேஸை ரத்தத்துல கொட்டும். 1994ல நெதர்லாந்து ஆம்ஸ்டர்டாம்ல 32 நோயாளிங்களை பாத்ததுல 30 பேருக்கு இது பல நூறு மடங்கு ஏறியிருந்துச்சு, நல்லா இருக்குறவங்களை விட சராசரியா 600 மடங்குக்கும் மேல. அதுல இருந்துதான் உலகம் பூரா இந்த டெஸ்ட் வந்துச்சு. ஆனா இந்த என்சைம் நோயை உண்டாக்குறது இல்லீங்க, மேக்ரோஃபேஜ் கொதிச்சுப்போய் கிடக்குதுன்னு சொல்ற அடையாளம், அவ்வளவுதான். சார்காய்டோசிஸ், நீமன் பிக் மாதிரி வேற நோய்லயும் ஏறும். அதனால ஏறியிருந்தாலே கோஷேன்னும் முடிவு கட்டக்கூடாது.

இதைவிட பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. இந்த என்சைமுக்கான ஜீன்ல 24 எழுத்து ரெண்டு தடவை வந்துட்டா என்சைமே உருவாகாது. அப்பா அம்மா ரெண்டு பேருகிட்ட இருந்தும் அந்த ஜீன் வந்திருந்தா ரத்தத்துல சைபர்தான், ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்திருந்தா பாதி. இப்படி இருக்குறவங்க நல்லாத்தான் இருப்பாங்க, அவங்களுக்கே தெரியாது. ஐரோப்பாவுல 100க்கு 6 பேருக்கு இப்படி சைபர்தான், ஆசியாவுல பல இடத்துல இதைவிட அதிகம். அப்படிப்பட்ட குழந்தைக்கு கோஷே நோயும் சேந்து வந்தா இந்த டெஸ்ட் எதையுமே காட்டாது. எங்க பொண்ணுக்கு நடந்தது இதுதான்.

சரி, இந்த என்சைம் நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. இறால் ஓடு, பூச்சி ஓடு, காளான் இதுலல்லாம் இருக்குற கைட்டின்ங்கிற கெட்டி மாவுச்சத்தை இது உடைக்கும். நம்ம உடம்புல கைட்டினே கிடையாது, அப்போ வெளியில இருந்து வர்ற கிருமியை, புழுவை எதிர்க்கத்தான் இது இருக்கணும்னு நினைக்கிறாங்க. யானைக்கால் புழுவோட முட்டை ஓட்டுலயும் கைட்டின் இருக்கு. 2001ல தென்னிந்தியாவுல 216 பேரை வச்சு பண்ண ஆய்வுல இந்த ஜீன் ரெண்டு பக்கமும் கெட்டவங்களுக்கு யானைக்கால் தொற்று கூடுதலா இருந்துச்சுன்னு வந்துச்சு, பிறகு பப்புவா நியூ கினியாவுல பாத்தப்போ அப்படி ஒண்ணும் தெரியலை, அதனால முடிஞ்ச முடிவா சொல்ல முடியாது. ஆனா கால் வீங்கின பாட்டி தாத்தாவை பாத்தே வளந்த கும்பகோணத்துக்காரிக்கு அதை படிச்சப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த டெஸ்ட் பண்ற எல்லா லேபும் சைபர், இல்ல ரொம்ப கம்மின்னு வந்தா ரிப்போர்ட்டுக்கு கீழ ஒரு வரி அச்சடிக்கணும்: 'இது பரம்பரையா என்சைம் இல்லாததால இருக்கலாம், கோஷே நோய் இல்லேன்னு எடுத்துக்கக்கூடாது, குளுக்கோசெரிப்ரோசிடேஸ் டெஸ்ட் பாக்கவும்'. செலவே இல்லாத வேலை. மண்ணீரல் வீங்கின குழந்தையோட அப்பா அம்மாவும் டாக்டர்கிட்ட அந்த ரெண்டாவது டெஸ்ட் பாத்தாச்சான்னு தயங்காம கேளுங்க. மருந்து இருக்குற நோய்ங்க இது, 1991லயே மருந்து வந்துடுச்சு. மத்திய அரசோட 2021 அபூர்வ நோய் கொள்கைல 50 லட்சம் வரைக்கும் உதவியும் இருக்கு, ஆனா நோய் இதுதான்னு உறுதியாகாம எதுக்கும் மனு போட முடியாது.

எங்க பொண்ணுக்கு இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ட்ரிப்ஸ்ல மருந்து ஏறுது. மண்ணீரல் பாதிக்கு மேல சுருங்கிடுச்சு, ஸ்கூல் யூனிஃபார்ம் சரியா நிக்குது. எங்க லேப் வழியா வெளியில அனுப்பி திரும்பி வர்ற ரிப்போர்ட்ல இந்த என்சைம் சைபர்னு இருந்தா அந்த ஒரு வரியை நானே சீட்டுல எழுதி பின் பண்ணி, டாக்டர்கிட்ட மறக்காம காட்டுங்கன்னு சொல்லித்தான் குடுக்குறேன்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் வாசகி,
கும்பகோணம்