மருந்து பாட்டிலை மூடி வை, முதலில் தண்ணீரைப் பார்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். போனில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்தாலும் கடிதம் கடிதம்தான், முழுசாகப் படி.

நோய் வந்த உன் மீன்தொட்டியைப் படம் பிடித்து நீ அனுப்பிய முதல் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புதிதாக வாங்கின இரண்டு ஏஞ்சல் மீனும் துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன. வாலிலும் முதுகுத் துடுப்பிலும் ரவையைத் தூவினது போல வெள்ளைப் புள்ளி. பின்னால் ஒரு நியான் டெட்ரா ஓடிவந்து கல்லில் விலாவைத் தேய்த்துவிட்டுப் போகிறது. இரண்டாவது வீடியோவில் டெட்ராக்களுக்கும் புள்ளி வந்துவிட்டது. மூன்றாவதில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் தண்ணீர் மை ஊற்றினது மாதிரி நீலமாக இருக்கிறது. மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை ஊற்றினாய், கடைக்காரர் கொடுத்த டெட்ராசைக்ளின் ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டினாய், "எல்லா நோய்க்கும்" என்று எழுதின ஒரு பாட்டிலையும் சேர்த்தாய். மூன்றும் ஒரே நாளில். கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவளின் பிள்ளை நீ!

திட்டுவதற்காக எழுதவில்லை. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் பார்த்ததில், நோயைவிட மருந்தால் செத்த மீன்தான் அதிகம் என்பது என் எண்ணம். மீன் வாங்கினவர் பதறிப்போய் வருவார், விற்கிறவர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார், நடுவில் தண்ணீரை யாரும் கேட்க மாட்டார்கள்.

எந்தத் தொட்டியில் மீன் நோய்ப்பட்டது என்று யார் சொன்னாலும், எப்படி ஆரம்பித்தது என்றுதான் முதலில் கேட்பேன். காலையில் நன்றாக இருந்த எல்லா மீனும் மாலைக்குள் ஒட்டுமொத்தமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது கிருமி இல்லை, தண்ணீர். குளோரின் போகாத தண்ணீரை மாற்றியிருப்பார்கள், கரண்ட் போய் ஃபில்டர் நின்றிருக்கும், அல்லது தொட்டி இருக்கிற அறையில் கொசு ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். அந்த ஸ்ப்ரேயில் இருக்கும் பைரித்ராய்டு மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனுக்கு விஷம். ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நாலு என்று நாள்கணக்கில் பரவினால் அது தொற்று. ஒரே ஒரு மீன் மட்டும் சுணங்கி மற்றதெல்லாம் தீனிக்குப் பாய்ந்தால் அது அந்த மீனின் தனிச் சங்கதி. வயசாகியிருக்கும், மலச்சிக்கலாக இருக்கும், அடிவாங்கியிருக்கும். அதற்காகத் தொட்டி முழுக்க மருந்து ஊற்றக் கூடாது.

உன்னுடையது இரண்டாவது வகை, தொற்று. வெள்ளைப்புள்ளி நோய் என்பார்கள். ஏஞ்சலோடு வந்திருக்கிறது. ஆனால் ஏஞ்சல் மட்டும் காரணமில்லை. பெங்களூரில் டிசம்பர் ராத்திரி எப்படிக் குளிரும் என்று உனக்கே தெரியும், உன் தொட்டியில் ஹீட்டர் கிடையாது. பகலில் ஒரு சூடு, விடியற்காலையில் வேறு சூடு என்றால் மீனின் எதிர்ப்பு சக்தி விழுந்துவிடும். இங்கே கடையில் மே மாசத்தில் வெள்ளைப்புள்ளி அபூர்வம். மழை பிடித்ததும் வரிசையாக வருவார்கள்.

இந்தக் கிருமியின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் வைத்தியம் தானாகப் புரியும். நீ பார்க்கிற வெள்ளைப் புள்ளி தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வயிறு நிறைந்ததும் மீனை விட்டு விழுந்து, தரையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகும். ஓடு வெடித்து வெளியே வரும் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளைக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். மருந்தோ உப்போ அவற்றைக் கொல்ல முடிகிற ஒரே நேரம் அந்த நீந்துகிற நேரம்தான். தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் இந்தச் சுற்று முழுவதும் சுமார் ஒரு வாரத்தில் முடியும். தண்ணீர் சில்லிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் "புள்ளி போய்விட்டதும்மா, மருந்தை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லாதே. புள்ளி மறைந்தது என்றால் அது தரையில் பெருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலைந்து நாளில் பத்து மடங்காக வரும்.

இப்போது செய்யவேண்டியது. முதலில் அந்த நீலத்தை எடு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பன் வாங்கி ஃபில்டரில் போட்டு ஒரு நாள் ஓடவிடு, மருந்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பிறகு கார்பனை எடுத்துவிடு. மெத்திலீன் ப்ளூ கெட்ட மருந்து இல்லை, முட்டைக்கும் தனி வாளி வைத்தியத்துக்கும் நானே வைத்திருக்கிறேன். ஆனால் பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் குடியிருந்து மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும். அது செத்தால் அம்மோனியா ஏறும், வெள்ளைப்புள்ளியில் பிழைத்த மீன் அம்மோனியாவில் போகும். டெட்ராசைக்ளின் இன்னும் வீண். உங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வருவது போர் தண்ணீர், கடினத் தண்ணீர். அதில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்து முடக்கிவிடும். அதோடு வெள்ளைப்புள்ளி பாக்டீரியாவே இல்லை, ஆன்டிபயாடிக்குக்கு அங்கே என்ன வேலை?

அடுத்து 100 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கு, தெர்மாமீட்டரும் சேர்த்து. ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதே. சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக ஏற்றி 30-க்குக் கொண்டுபோ. அந்தச் சூட்டில் ஒட்டுண்ணி மீனை விட்டுச் சீக்கிரம் விழும், பெருகுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இரவும் பகலும் ஓடவேண்டும். கூடவே உப்பு. கல் உப்பு போதும். உன் இரண்டடித் தொட்டியில் கல், மண் போக சுமார் 45 லிட்டர் நிற்கும். வழக்கமாக லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 90 கிராம். உனக்கு அதில் பாதிதான், காரணம் பின்னால் சொல்கிறேன். சமையலறைத் தராசில் நிறுத்து, கைப்பிடி கணக்கு வேண்டாம். மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றையும் தனியாகக் கரைத்து, ஒரு நாள் இடைவெளிக்குள் ஊற்று. ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் ஊற்றும்போது உப்பு சேர்க்காதே, உப்பு ஆவியாகாது. மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் போடு. ஃபில்டரில் அம்மோனியாவை இழுக்கும் ஜியோலைட் பை இருந்தால் முதலில் எடுத்துவிடு. உப்பு பட்டால் பிடித்துவைத்த அம்மோனியாவை அது திரும்பக் கக்கிவிடும், இது பல கடைக்காரர்களுக்கே தெரியாது. உன் தொட்டியில் தரையை மேயும் கோரிடோரஸ் மீன் அவ்வளவு உப்பு தாங்காது, அதை நண்பன் தொட்டிக்கு மாற்றுகிறேன் என்று கிளம்பாதே. நோயையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவாய். அதற்குப் பதில் மொத்தத் தொட்டிக்கும் உப்பை லிட்டருக்கு 1 கிராமாக, அதாவது 45 கிராமாகக் குறைத்துக்கொண்டு, சூட்டை நம்பு. செடி கொஞ்சம் கருகும், போகட்டும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைஃபன் பைப்பால் தரையை உறிஞ்சிக் கால் பங்கு தண்ணீரை மாற்று. ஓடு கட்டின கூட்டம் அங்கேதான் கிடக்கிறது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இதே மாதிரி.

இதெல்லாம் வெள்ளைப்புள்ளி என்று உறுதியானால்தான். அறை விளக்கை அணைத்துவிட்டு பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார். தனித்தனிப் புள்ளியாக இல்லாமல் மஞ்சள் கலந்த பொன்தூள் பூசினது போல மினுங்கினால் அது வெல்வெட் என்ற வேறு நோய். அந்தக் கிருமிக்கு வெளிச்சமும் உணவு, தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்க வேண்டும். வாயோரமோ முதுகிலோ சாம்பல் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினது போல இருந்தால், எல்லாரும் பூஞ்சை என்பார்கள். பெரும்பாலும் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. மோலி மீனுக்கு அடிக்கடி வரும். அதற்குச் சூடு ஏற்றினாயோ தொலைந்தது, இன்னும் வேகமாகத் தின்னும். வெள்ளைப்புள்ளி, காலம்னாரிஸ் இரண்டும் பார்வைக்கு வெள்ளைதான், வைத்தியம் நேர் எதிர். அதனால்தான் பார், பார் என்று சொல்கிறேன். போன வாரம் ஒரு பையன் கோல்ட் ஃபிஷ்ஷைக் கவரில் கொண்டுவந்து, செவுள் மூடியில் வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது, மருந்து கொடுங்கள் என்றான். ஆண் மீனுக்கு இனப்பெருக்கப் பருவத்தில் வரும் பரு அது, மாப்பிள்ளைக் களை! மருந்து இல்லை, வீட்டுக்குப் போ என்றேன். அவன் நம்பவில்லை, பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கினான்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. டெஸ்ட் கிட் வாங்கு. ஸ்ட்ரிப் வேண்டாம், சொட்டு விடுகிற டியூப் வகை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கவேண்டும். உன் தண்ணீரின் பிஹெச் 8 பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதே அளவு அம்மோனியா பிஹெச் 7-ல் செய்வதைவிட 8-ல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு விஷம். எண் ஏறியிருந்தால் தீனியை நிறுத்து, தண்ணீரை மாற்று. ஆன்டி குளோரின் போட்டு, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்று. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவாதே, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும். நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். நீ போடுகிற உப்பு அதற்கும் கொஞ்சம் காப்பு.

பெரிய ஏஞ்சலின் வயிறு வீங்கியிருக்கிறது என்றாயே, மேலிருந்து பார். செதில்கள் விரிந்து நிமிர்ந்து நின்றால் சிறுநீரகம் போய்விட்டது, பிழைப்பது அரிது. நான் அதற்கு மருந்து விற்பதில்லை. மீன் கவிழ்ந்து கிடந்து தவித்தால், சின்ன டப்பாவில் தொட்டித் தண்ணீர் எடுத்து, கிராம்பு எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் குலுக்கிச் சொட்டுச் சொட்டாக விடு. மயங்கிவிடும். மயங்கின பிறகு இன்னும் நிறைய ஊற்றி, செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி அப்படியே வை. டாய்லெட்டில் போடாதே. பிழைத்ததை ஏரியில் கொண்டுபோய் விடவும் விடாதே. சக்கர் மீனை இப்படித்தான் ஆளாளுக்கு விட்டு, ஏரிகளில் வலைக்கு வேறு மீன் சிக்காத இடமெல்லாம் இருக்கிறது.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டிக்குள் கைவிடாதே. மீன் காசம் என்று ஒன்று உண்டு, காயம் வழியாக மனிதருக்கும் வந்து ஆறாத கட்டியாக நிற்கும். அப்படி ஏதாவது வந்தால் டாக்டரிடம் மீன்தொட்டி வைத்திருக்கிறேன் என்று நீயே சொல்லவேண்டும், அவராகக் கேட்க மாட்டார்.

இனி மீன் வாங்கினால் நேராகத் தொட்டியில் விடாதே. ஒரு இருபது லிட்டர் டப்பா, ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர், மூன்று நாலு வாரம் தனிக்குடித்தனம். அந்த ஸ்பான்ஞ்சை இப்போதே பெரிய தொட்டிக்குள் போட்டுவைக்காதே, நோய் முழுசாகப் போன பிறகு போட்டு, நல்ல பாக்டீரியா குடியேற ஊறவிடு.

நாளைக் காலை விளக்குப் போடுவதற்கு முன் தண்ணீரின் சூடு, அம்மோனியா, நைட்ரைட் மூன்றையும் எடுத்து அனுப்பு. பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒரு வீடியோவும். ஃப்ளாஷ் வேண்டாம்.

பொங்கலுக்கு வரும்போது பக்கத்து ஃப்ளாட்காரரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டு வராதே. பாவம் என்று அள்ளிப் போடுவார்கள், திரும்பிப் போனால் தண்ணீர் நாறும். தேறின மீன் நாலைந்து நாள் பட்டினி கிடக்கும், ஒன்றும் ஆகாது. அப்பா பஸ் டிக்கெட் போட்டாயா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்
அம்மா